கை நடுங்கினால் பயமா, பலமா? போக்கர் மேசையில் எதிராளியைப் படிப்பது

பெங்களூரில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் வீட்டில் நடக்கும் போக்கர் ஆட்டங்களில், புதிதாக வந்து உட்காருபவர்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. எதிரே இருப்பவர் பெரிய அளவில் சிப்ஸைத் (பந்தயம் கட்டும் வில்லைகளைத்) தள்ளுகிறார். தள்ளும்போது விரல்கள் லேசாக நடுங்குகின்றன. உடனே மனது கணக்குப் போடுகிறது: பயப்படுகிறார், கையில் ஒன்றும் இல்லை, வெத்துச் சீட்டோடு மிரட்டிப் பார்க்கிறார், பிளஃப். அவர் கட்டியதற்குச் சமமாகப் போட்டு, ‘கால்’ சொல்லிச் சீட்டைத் திறக்கச் சொன்னால் எதிரே ஃபுல் ஹவுஸ் என்ற பலமான சேர்க்கை சிரிக்கிறது.

நடுங்கும் கை பெரும்பாலும் பலத்தின் அறிகுறி. நல்ல சீட்டு சேருமா சேராதா என்று இறுகிக் கிடந்த உடம்பு, சேர்ந்த நொடியில் தளர்கிறது. ஜெயிக்கப் போகிறோம் என்ற படபடப்பு விரல் நுனியில் வந்து இறங்குகிறது. அதை நினைத்தபடி நிறுத்த முடியாது. பிளஃப் அடிப்பவர் கதை வேறு. தன் மேல் யார் கண்ணும் படக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அதனால் ஆடாமல் அசையாமல் உட்காருகிறார், மென்றுகொண்டிருந்த சூயிங்கம் நிற்கிறது, மூச்சுகூட மேலோட்டமாகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர்தான் சாந்தசொரூபி.

எதிராளி தன்னை அறியாமல் வெளியே விடும் இப்படிப்பட்ட குறிப்புகளைப் போக்கர்காரர்கள் ‘டெல்’ என்கிறார்கள். 1980களில் மைக் காரோ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இவற்றை முறையாகத் தொகுத்து எழுதினார். அவர் எல்லாவற்றையும் இரண்டு கூடையில் போட்டார். தானாக வருவது ஒன்று, வேண்டுமென்றே நடிப்பது இன்னொன்று. நடிப்பவர்கள் பெரும்பாலும் உண்மைக்கு நேர் எதிராகத்தான் நடிப்பார்கள் என்பது அவர் சொன்னதில் இன்றும் நிற்கிற பகுதி. கை, அதாவது கையிலுள்ள சீட்டு, பலமாக இருந்தால் சோகம் காட்டுவார்கள், வெத்தாக இருந்தால் மிடுக்கு காட்டுவார்கள்.

நம்மூர் ஆட்களிடம் இந்த நடிப்பைப் பார்க்க வேண்டும். ‘ப்ச்’ என்று உச்சுக்கொட்டுவது, தோளைக் குலுக்குவது, “சரி, வந்தது வரட்டும், போட்டுப் பார்க்கிறேன்” என்று பெருமூச்சோடு சிப்ஸை எடுப்பது. இதைப் பார்த்ததும் என்னிடம் சுமாரான ஜோடி மட்டும் இருந்தால் தயங்காமல் சீட்டை மடக்கிவிடுவேன். உண்மையிலேயே கை மோசமாக இருப்பவர் தன் சோகத்தை அறிவித்துவிட்டுப் பந்தயம் கட்ட மாட்டார்.

இதை எல்லாம் படித்ததும் எதிராளியின் மூக்கு, காது, கண் இமை எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் இந்த ஆட்டத்தில் தகவல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடலாம். டெல்லுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்பது அங்கேதான் முடிவாகிறது.

தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு ரம்மி தெரியும். பெங்களூரு அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தீபாவளிக்குக் கட்டைப் பிரிக்காத வீடு குறைவு. ரம்மியில் நல்ல ஆட்டக்காரர் முகத்தையா பார்க்கிறார்? கீழே கிடக்கும் சீட்டை யார் எடுத்தார்கள், எடுத்ததைக் கையில் எந்த இடத்தில் செருகினார்கள், எதைக் கழித்தார்கள் என்று பார்க்கிறார். ஓரத்தில் செருகினால் ஒரு அர்த்தம், நடுவில் இரண்டு சீட்டை விலக்கி இடம் பண்ணிச் செருகினால் இன்னொரு அர்த்தம். எட்டாம் நம்பர் இஸ்பேடை எடுத்தவருக்கு ஏழோ ஒன்பதோ போடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுவும் எதிராளியைப் படிப்பதுதான். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

போக்கரில் பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டே சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று, அது ஃப்ளாப், அப்புறம் டர்ன், கடைசியில் ரிவர். ஃப்ளாப்புக்கு முன்பும் இந்த மூன்று கட்டங்களிலும் பந்தயச் சுற்று உண்டு, ஆக நான்கு சுற்று. எடுப்பதும் இல்லை, கழிப்பதும் இல்லை. எதிராளி செய்யக்கூடியது செக் (கட்டாமல் விடுவது), பெட் (கட்டுவது), கால் (சமமாகப் போடுவது), ரெய்ஸ் (ஏற்றிக் கட்டுவது), ஃபோல்டு (மடக்குவது) மட்டும். ஆக அவர் எப்போது, எவ்வளவு கட்டினார் என்பதுதான் முதல் சாட்சி. கண் இமையெல்லாம் அதற்கு அப்புறம்.

52 சீட்டில் இரண்டு சீட்டு வரக்கூடிய விதங்கள் 1,326. அதில் இரண்டு ஏஸ் வருவது 6 விதம்தான், அதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஏஸும் ராஜாவும் சேர்ந்து வருவது 16 விதம். தேர்ந்த ஆட்டக்காரர் எதிராளியின் கையில் ‘இதுதான்’ இருக்கிறது என்று ஊகிப்பதில்லை. 1,326-இல் எவையெல்லாம் இருக்கலாம் என்று ஒரு கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு முறை கட்டும்போதும் அந்தக் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார். இதை ‘ரேஞ்ச்’ என்கிறார்கள். முதல் ஆளாக ரெய்ஸ் செய்தாரா, பாதிக்கு மேல் கழிந்தது. டர்னிலும் பெரிதாகக் கட்டினாரா, இன்னும் கொஞ்சம் கழிந்தது. ரிவர் வரும்போது கூட்டம் வெகுவாகச் சுருங்கியிருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ரிவரில் நடுவே 1,000 சிப்ஸ் கிடக்கிறது. எதிராளி 500 கட்டுகிறார். நீங்கள் 500 போட்டால் மொத்தம் 2,000 ஆகும். அதாவது நான்கில் ஒரு முறை, 25 சதவீதம், நீங்கள் ஜெயித்தாலே கையைக் கடிக்காது. அவர் இதுவரை ஆடிய விதத்தை வைத்துப் பார்த்தால் உங்களை அடிக்கும் கைகள் 12 விதம், வெத்துக் கைகள் 3 விதம் மீதி இருக்கின்றன என்று வையுங்கள். பிளஃப் வாய்ப்பு 15-க்கு 3, அதாவது 20 சதவீதம். 25 வேண்டும், 20 தான் இருக்கிறது. மடக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் அவர் சட்டென்று மூச்சை அடக்கிச் சிலையாகிறார். நீங்கள் பல வாரம் பார்த்ததில், பிளஃப் அடிக்கும்போது அவர் இப்படிச் செய்வது நல்ல கையில் செய்வதைவிட இரண்டு மடங்கு. அப்படியானால் 3-க்கு 12 என்று இருந்த கணக்கு 6-க்கு 12 ஆகிறது. 18-க்கு 6, கிட்டத்தட்ட 33 சதவீதம். இப்போது கால் செய்யலாம்.

முதலில் 20 என்று இருந்த வாய்ப்பு 5 என்று இருந்திருந்தால், அதே சிலை, அதே மூச்சு, ஒரு பயனும் இல்லை. இரண்டு மடங்காக்கினாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. அதாவது டெல் என்பது ஊசலாடும் முடிவை ஒரு பக்கம் தள்ளிவிடும் சின்ன உந்துதல். தெளிவாக மடக்க வேண்டிய கையைக் காப்பாற்ற அதனால் முடியாது. சினிமாவில் கதாநாயகன் வில்லனின் கண் துடிப்பைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் தள்ளுவது கைதட்டலுக்கு நன்றாக இருக்கும். மேசையில் அப்படி ஆடுபவருடைய சிப்ஸ்தான் முதலில் தீரும்.

முகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் படுமோசம். 2006-இல் பாண்டும் டிபாலோவும் நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி 54 சதவீதம் வந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்.

போக்கருக்கென்றே செய்த ஒரு ஆய்வும் உண்டு. மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2013-இல் வெளியிட்டது. 2009 உலகப் போக்கர் தொடரில் ஆட்டக்காரர்கள் சிப்ஸைக் கட்டும் சின்னச் சின்னக் காட்சிகளை எடுத்து, பார்ப்பவர்களிடம் கை எவ்வளவு பலம் என்று கேட்டார்கள். சிலருக்கு முழு உருவமும் காட்டினார்கள், சிலருக்கு முகம் மட்டும், சிலருக்கு சிப்ஸைத் தள்ளும் கைகள் மட்டும். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் குருட்டாம்போக்கைவிட மோசமாக இருந்தது. முகம் எதையும் சொல்லாமல் விட்டது மட்டுமல்ல, தவறான திசையைக் காட்டியது. கைகளை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிட நன்றாகச் சொன்னார்கள். அசைவு சீராகவும் தயக்கமில்லாமலும் இருந்த இடங்களில் சீட்டும் நன்றாக இருந்தது. முதலில் சொன்ன விரல் நடுக்கத்தோடு இதைக் குழப்ப வேண்டாம், இங்கே பார்த்தது கை தயங்காமல் முன்னே போகிறதா என்பதை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முகத்தைக் காக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி, தொப்பி, ஹூடி எல்லாம் கழுத்துக்கு மேலே உள்ளதை மறைக்க வந்தவை. பத்து சிப்ஸை முன்னே தள்ளும் முழங்கையை யார் பாதுகாக்கிறார்கள்? ஆனாலும் இந்த ஆய்வைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்த வித்தியாசம் சின்னது, ஆடியவர்கள் தொலைக்காட்சி விளக்கு வெளிச்சத்தில் இருந்த தொழில்முறை ஆட்கள். பெல்லந்தூர் அடுக்குமாடியில் ஆடுபவருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியதே அதன் பெரிய உதவி.

அடுத்தது, யாரைப் பார்க்கிறோம் என்பது. ஒரு அசைவுக்கு அகராதியில் இருப்பது போல நிலையான அர்த்தம் கிடையாது. அந்த மனிதருடைய வழக்கம் என்ன, அதிலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதுதான் அர்த்தம் தருகிறது. மூன்றாவது ஃபில்டர் காபி குடித்தவருக்கும் அறுபது வயதைத் தாண்டியவருக்கும் கை எப்போதும் நடுங்கலாம். எப்போதும் நடுங்குகிற கை எதையும் சொல்லாது. ஓயாமல் பேசுபவர் வாயை மூடினால் செய்தி. வாயே திறக்காதவர் மூடியிருந்தால் செய்தி இல்லை.

பெங்களூரு மேசைகளில் இந்த வழக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் வீடியோ பார்த்தும், சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருள் வைத்தும் படித்தவர். அவருடைய பந்தய அளவுகள் சுத்தமாக இருக்கும், உடம்பு சுத்தமாக இருக்காது. ஆன்லைனிலேயே ஆடி வளர்ந்ததால் சிப்ஸை எண்ணி வைக்கக்கூடத் தடுமாறுவார். பல வருடம் ரம்மி ஆடிவிட்டு வந்த பெரியவருக்கு உடம்பு இரும்பு, அவர் கண்ணில் எதுவும் தெரியாது. ஆனால் நல்ல கை என்றால் எப்போதும் பெரிதாகக் கட்டுவார், சுமார் என்றால் எப்போதும் சிறிதாக. ஒருவரை விரலில் படிக்க வேண்டும், இன்னொருவரைத் தொகையில்.

மொழியும் இங்கே ஒரு குறிப்பாகிவிடுகிறது. ஒரே மேசையில் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் நான்கும் புழங்கும். தமிழில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த ஆள் பெரிய ‘பாட்’ (நடுவே சேரும் பந்தயத் தொகை) ஒன்றில் மாட்டியதும் “ஐ திங்க் யூ ஷுட் ஃபோல்டு” என்று ஆங்கிலத்துக்கு ஏறுவதை நான் கவனித்திருக்கிறேன். யோசித்து, அளந்து பேசுகிறார் என்று பொருள். நல்ல கை வைத்திருப்பவர் பெரும்பாலும் தளர்வாக, வந்த மொழியில் வந்தபடி பேசுவார். இது ஆளுக்கு ஆள் மாறும், விதியாக எடுக்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நடக்கும்போது இரண்டு தமிழர்கள் தமிழில் பேசிக்கொண்டால் மற்றவர்களின் முகம் சுருங்கும். அவர்கள் பக்கம்தான் நியாயம். சீட்டு கையில் இருக்கும்வரை எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசுவதுதான் மரியாதை.

பேச்சையே ஆயுதமாக வைத்து ஆடியவர்களும் உண்டு. 2006 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்று 1.2 கோடி டாலர் வாங்கிய ஜேமி கோல்டு, ஆட்டம் முழுக்க எதிராளிகளோடு பேசிக்கொண்டே இருந்தார். உண்மையையும் பொய்யையும் கலந்து பேசினால் எதிராளியால் வடிகட்ட முடியாது என்பது அவர் உத்தி. எல்லோருக்கும் இது வராது. பேசத் தெரியாதவர் பேச ஆரம்பித்தால் தன்னைத்தான் காட்டிக்கொடுப்பார்.

நேரடி மேசையில் எனக்கு அதிகம் நம்பத் தோன்றும் இரண்டு குறிப்புகளைச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஃப்ளாப்பில் மூன்று ஆட்டீன் விழுகிறது. ஐந்து ஆட்டீன் சேர்ந்தால் ஃப்ளஷ் என்ற பலமான கை. ஒருவர் தன் சீட்டின் மூலையைத் தூக்கி மறுபடி பார்க்கிறார். அவரிடம் இரண்டு ஆட்டீன் இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டும் ஒரே இனமாக வந்திருந்தால் அது மனதில் பதிந்திருக்கும், திரும்பப் பார்க்கத் தேவையில்லை. கறுப்பு ஒன்று சிவப்பு ஒன்று வந்திருந்தால்தான் அந்தச் சிவப்பு டைமனா ஆட்டீனா என்ற சந்தேகம் வரும். பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்டீனை எதிர்பார்த்துப் பார்க்கிறார்.

இன்னொன்று, நீங்கள் கட்டியதும் கண் இமைக்கும் நேரத்தில் வரும் கால். மிக நல்ல கை இருந்தால் ரெய்ஸ் செய்யலாமா என்று ஒரு நொடியாவது யோசிப்பார். மோசமான கை என்றால் மடக்கலாமா என்று யோசிப்பார். இரண்டுக்கும் இடமே இல்லாமல் கால் வருகிறது என்றால் கை நடுத்தரம்: சுமாரான ஜோடி, அல்லது இன்னொரு சீட்டுக்காகக் காத்திருக்கும் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து எண்). இதற்கு முகமே தேவையில்லை, கடிகாரம் போதும். அதனால்தான் இந்தக் குறிப்பு ஆன்லைனிலும் செல்லும்.

ஆன்லைனில் முகம், கை, மூச்சு எல்லாம் போய்விடுகிறது. மீதி இருப்பது நேரமும் தொகையும் எண்ணிக்கையும். இவற்றை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நார்வேயின் அன்னெட் ஓப்ரஸ்டாட் உதாரணம். 2007-இல் 180 பேர் ஆடிய ஒரு ஆன்லைன் போட்டியில், தன் சீட்டு தெரியும் இடத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை மட்டும் பார்த்து, போட்டியை வென்றார். எங்கே உட்கார்ந்திருக்கிறோம், யார் எவ்வளவு கட்டுகிறார்கள், யார் பின்வாங்குகிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஆடியது அது. சின்னப் பந்தய ஆட்டம்தான், அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். ஆனால் அதே ஆண்டு, 18 வயதில், லண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பிய முதன்மைப் போட்டியையும் அவர்தான் வென்றார்.

ஆன்லைன்காரர்கள் எதிராளியை எண்ணாக மாற்றிவிடுகிறார்கள். நூறு ஆட்டத்தில் எத்தனை முறை தானாக விரும்பிப் பணம் போட்டு உள்ளே வருகிறார் என்பது ஒரு எண், அதற்குப் பெயர் விபிப். எத்தனை முறை ஃப்ளாப்புக்கு முன்பே ரெய்ஸ் செய்கிறார் என்பது இன்னொன்று, பிஎஃப்ஆர். முதலாவது 45, இரண்டாவது 5 என்று ஒருவருக்கு இருந்தால் ஆளைப் பார்க்காமலே ஆளைத் தெரியும். ஆசை அதிகம், எல்லாவற்றுக்கும் கூட வருவார், ஆனால் தானாக அடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால் நம்புங்கள். 22-ம் 18-ம் இருப்பவர் கணக்குப் பார்த்து ஆடும் ரெகுலர். அவர் ரெய்ஸில் அவ்வளவு செய்தி இல்லை.

எண்களுக்குத் தேவை கையிருப்பு. முப்பது ஆட்டத்தில் ஒருவர் பதினைந்தில் உள்ளே வந்தார் என்றால் அவருக்கு அன்று நல்ல சீட்டு வந்திருக்கலாம். சில நூறு ஆட்டம் சேர்ந்தால்தான் விபிப் நிலைக்கும். ரிவரில் எவ்வளவு பிளஃப் அடிக்கிறார் என்பது போன்ற அபூர்வமான எண்களுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். டீலர் உள்ள நேரடி மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம் நடக்கும். ஆன்லைனில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் நான்கு மேசை ஒரே நேரத்தில். அதனால்தான் எண் படிப்பு ஆன்லைனில் வளர்ந்தது, உடம்பு படிப்பு நேரடியில் தங்கிவிட்டது.

நேரக் குறிப்பில் ஒரு வகை எனக்குப் பிடிக்கும். பல தளங்களில் தன் முறை வருமுன்பே செக் பொத்தானை அழுத்தி வைக்கும் வசதி உண்டு. டர்ன் சீட்டு விழுந்த அதே கணத்தில் செக் வந்தால், அவர் அந்தச் சீட்டு என்னவென்றே பார்க்கவில்லை. இந்த ஆட்டத்தை மனதளவில் விட்டுவிட்டார். நீண்ட நேரம் யோசித்துச் செக் செய்தால் பலவீனம் அதிகம். நீண்ட நேரம் யோசித்து, டைம் பேங்க் எனும் கூடுதல் நேரத்தையும் கரைத்து, அப்புறம் பெரிதாக ரெய்ஸ் செய்தால் பலம் அதிகம், அதுவும் பழைய பெருமூச்சு நாடகத்தின் ஆன்லைன் வடிவம்தான்.

ஆனால் இதில் குப்பை நிறைய கலந்திருக்கும். அவர் நான்கு மேசையில் ஆடலாம். மீட்டிங்கில் மேசைக்கு அடியில் போனை வைத்து ஆடலாம். சில்க் போர்டு சிக்னலில் கேப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, நெட் வந்து வந்து போகலாம். உங்கள் ஆழமான உளவியல் முடிவு அவருடைய மோசமான சிக்னலின் மேல் கட்டப்பட்டிருக்கும். தொகை இப்படி ஏமாற்றாது. பாதி பாட், முழு பாட் என்று பொத்தானை அழுத்தியே கட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கையால் 1,130 என்று தட்டச்சு செய்கிறார். ஏதோ யோசித்திருக்கிறார். நெட் கோளாறு தொகையை மாற்றாது.

இங்கே சட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் இந்தப் படிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. போக்கர் திறமை ஆட்டம் என்று வாதாடுபவர்கள் எப்போதும் முன்வைக்கும் சான்று எதிராளியைப் படிப்பதுதான். கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் போக்கர் கிளப்புகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, பெங்களூரில் நேரடி ஆட்டம் பெருகியதற்கு அது முக்கியக் காரணம். குஜராத் உயர் நீதிமன்றமோ 2017-இல் இது அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. கர்நாடகம் 2021-இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை கொண்டுவந்தது, 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யாமல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது.

கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய இந்தியத் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின, வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாட்டில் வருடக்கணக்காகப் படித்தவர்களுக்கு இந்தத் தடை ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. என் கருத்தைக் கேட்டால், எதிராளியைப் படிப்பது திறமைதான். ஆனால் படிக்கத் தெரியாதவரிடமிருந்து படிக்கத் தெரிந்தவருக்குப் பணம் போகும் என்பதும், இருவரிடமிருந்தும் ஆட்டம் நடத்துபவர் ரேக் எனும் தன் பங்கை எடுத்துக்கொள்வார் என்பதும் அதே திறமையின் மறுபக்கம். காசில்லாத சிப்ஸில் ஆடினாலும் நான் இங்கே சொல்வது எல்லாம் பழகலாம், ஒரே குறை, இழப்பு வலிக்காத இடத்தில் யாரும் உண்மையாகப் பிளஃப் அடிப்பதில்லை.

யாரையும் பார்க்காமலே ஜெயிக்க முடியுமா? முடியும் என்று காட்டியாகிவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல் 2017-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒற்றைக்கு ஒற்றை மோதலில் 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019-இல் அவர்களுடைய புளூரிபஸ் ஆறு பேர் ஆடும் மேசையிலும் ஜெயித்தது. இந்த நிரல்களுக்குக் கண் கிடையாது, எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டாரா என்று தெரியாது. எந்த இடத்தில் எத்தனை சதவீதம் பிளஃப் அடிக்க வேண்டுமோ அத்தனை சதவீதம் அடிக்கும், எதிராளி என்ன செய்தாலும் நீண்ட ஓட்டத்தில் பெரிய நஷ்டம் வராதபடி.

அப்படியானால் டெல் படிப்பது வீண் வேலையா? இல்லை. நிரலின் ஆட்டம் யாரிடமும் பெரிதாக ஏமாறாத ஆட்டம். எதிரே தப்பு செய்பவர் இருந்தால் அவருடைய தப்புக்கு ஏற்றபடி வளைந்து இன்னும் அதிகம் எடுக்கலாம், அந்த வளைவுக்குத்தான் படிப்பு தேவை. நிரலிடமிருந்து ஆட்டக்காரர்கள் கற்றது வேறு ஒன்று: தன் குறிப்பை மறைப்பது. இன்றைக்குத் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், நல்ல கையோ வெத்துக் கையோ மனதுக்குள் நான்கு எண்ணிவிட்டுத்தான் கை அசையும். சிப்ஸை ஒரே விதமாக எடுத்து, ஒரே இடத்தில் வைத்து, பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்துகிறார்கள். நடிப்பதைவிட இது எளிது. பொய்க் குறிப்பு காட்டுவது கவனிக்கும் ஆளிடம்தான் பலிக்கும், வெள்ளி இரவு மேசையில் பாதிப்பேர் கவனிப்பதே இல்லை.

கவனிக்க நேரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒழுங்காக ஆடுபவர் பத்தில் ஏழெட்டு கையை ஆரம்பத்திலேயே மடக்கிவிடுகிறார். மீதி நேரம் முழுக்கப் பார்வையாளர்தான். ஃப்ளாப் திறக்கும்போது நடுவில் உள்ள சீட்டைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்க்கலாம், சீட்டு எங்கேயும் ஓடிவிடாது. யார் கண் ஒரு கணம் தன் சிப்ஸுக்குப் போய்த் திரும்பியது, யார் நேராக உட்கார்ந்தது என்பதெல்லாம் அந்த இரண்டு நொடியில்தான் தெரியும். அதைவிட முக்கியம் கடைசியில் சீட்டைத் திறக்கும் நேரம். அவர் கையில் என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது, இனி பின்னோக்கிப் போய் ஃப்ளாப்பில் எவ்வளவு கட்டினார், டர்னில் எவ்வளவு யோசித்தார், ரிவரில் என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். விடைத்தாள் கையில் கிடைக்கும் ஒரே நேரம் அது. பெரும்பாலானவர்கள் அப்போது போனைக் கையில் எடுத்து, ஆர்டர் செய்த பிரியாணி எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.